பிறப்பைப் பாராமை: கட்டளை யாருக்கு?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பாகவத அபசாரத்தின் வகைகளைப் பேசுமிடத்தில் பிள்ளைலோகாசார்யர், ஸ்ரீவசநபூஷணத்தில், ஒன்றை மட்டும் தனியே எடுத்துக்காட்டுகிறார். அடியாருடைய பிறப்பை ஆராய்வதே அது. அர்ச்சாவதார எம்பெருமானுடைய திருமேனி எந்த உலோகத்தால் ஆயிற்று என்று நினைப்பதைக் காட்டிலும் இது கொடியது என்பது அவர் திருவுள்ளம். அதற்கு மேல் அவர் சாஸ்த்ரத்திலிருந்து காட்டும் ஒப்புமையை இங்கே எழுதக் கை கூசுகிறது. காலக்ஷேபம் கேட்டவர்கள் அறிவார்கள்.

இவ்வார்த்தை இந்நாளில் பூர்வர்கள் கண்டிராத ஒரு வழக்கில் ஸாக்ஷியாக நிறுத்தப்படுகிறது. அமெரிக்க நாட்டில் நிறம், பிறப்பு, செல்வ ஏற்றத்தாழ்வு ஆகியவற்றைப் பற்றி நெடுங்காலமாக நடந்துவரும் வாதம், அங்கே குடியேறி வாழும் ஸ்ரீவைஷ்ணவ குடும்பங்களுக்குள்ளும் புகுந்திருக்கிறது. "பிறப்பைப் பாராதே என்பது நம் ஸம்ப்ரதாயம். ஆகையால் கல்லூரியோ அரசோ ஒருவருடைய நிறத்தைப் பார்ப்பதே தவறு" என்பர் ஒரு சாரார். "தாழ்த்தப்பட்டவர்களைத் தேடிச்சென்று கைக்கொண்டவர் எம்பெருமானார். ஆகையால் தாழ்த்தப்பட்டவர் யார் என்று பார்த்தே உதவ வேண்டும்" என்பர் மற்றொரு சாரார். இருவரும் ஒரே ஆசார்ய பரம்பரையைத் தம் பக்கத்துக்கு அழைக்கிறார்கள். அந்த வார்த்தை யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. அடியேன் இங்கே விண்ணப்பிக்க முயல்வது அதுவொன்றையே.

முதலில் அந்நாட்டு வழக்கைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். விவரம் அறியாமல் பக்கம் சேர்வது எல்லோருக்கும் எளிது.

1896-இல் லூயிஸியானா மாநிலம் கறுப்பர்களுக்குத் தனி ரயில் பெட்டி வைத்தது செல்லும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஹார்லன் ஒருவரே மறுத்து எழுதினார். அரசியலமைப்புச் சட்டத்துக்கு நிறம் தெரியாது என்பது அவர் கருத்து. நிறம் பார்க்கலாகாது என்பவர்கள் இன்றுவரை தலைமேல் வைத்துக் கொண்டாடும் வாசகம் அது. தனியொருவராக நின்று அவர் அதைச் சொன்னது பெரிய காரியமே. ஆனால் அதற்குச் சற்று முன்னே அவரே எழுதியதைக் கொண்டாடுபவர்கள் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. கௌரவத்திலும் கல்வியிலும் செல்வத்திலும் அதிகாரத்திலும் வெள்ளையரே மேலோங்கி இருக்கிறார்கள், எக்காலத்தும் அப்படியே இருப்பார்கள் என்பதில் தமக்கு ஐயமில்லை என்கிறார். அதே எழுத்தில் சீனர்களைக் குடியுரிமைக்கே உரியரல்லாத இனத்தார் என்று தள்ளியும் பேசுகிறார். சட்டத்தின் கண் மூடியிருக்கலாம். செல்வம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்ற நிச்சயத்தோடு மூடிய கண் அது.

1965 ஜூன் 4 அன்று குடியரசுத்தலைவர் லிண்டன் ஜான்ஸன், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பேசும்போது இதற்கு எதிர்க்கரையிலிருந்து ஒரு த்ருஷ்டாந்தம் சொன்னார். பல்லாண்டுகள் விலங்கிட்டு வைத்த ஒருவனை அவிழ்த்துவிட்டு, ஓட்டப்பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் நிறுத்தி, இனி நீயும் மற்றவர்களோடு ஓடலாம் என்று சொன்னால் நியாயம் முடிந்துவிடாது என்பது அதன் கருத்து. 1978-இல் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கிய வழக்கு வந்தது. எண்ணிட்டு ஒதுக்குவது செல்லாது, ஆனால் பல காரணங்களுள் ஒன்றாக இனத்தையும் கருதலாம் என்று தீர்ந்தது. இனபேதத்தைக் கடக்க வேண்டுமானால் முதலில் இனத்தைக் கணக்கில் கொண்டாக வேண்டும் என்று அப்போது எழுதியவர் நீதிபதி ப்ளாக்மன். 2023 ஜூன் 29 அன்று, ஹார்வர்ட், வட கரோலினா ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் வழக்கில், அந்த அனுமதியும் பெரும்பாலும் மூடப்பட்டது. இனபேதத்தை ஒழிப்பது என்றால் முழுவதையும் ஒழிப்பதே என்பது தலைமை நீதிபதி ராபர்ட்ஸின் நிலை. அந்த அமர்வில் கறுப்பரான நீதிபதிகள் இருவர் இருந்தனர். தாமஸ் தீர்ப்போடு நின்றார். ஜாக்ஸன் எதிர்த்து எழுதினார். ஒரே துன்ப வரலாற்றிலிருந்து வந்த இருவர் இரு கரையில் நின்றதைப் பார்த்த பிறகு, எதிர்ப்பக்கத்தார் அனைவரும் நெஞ்சில் ஈரமில்லாதவர்கள் என்று நாம் சொல்ல முடியாது.

செல்வத்தின் கணக்கையும் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். அந்நாட்டு மத்திய வங்கியின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வெள்ளையர் குடும்பங்களின் நடுநிலைச் சொத்து சுமார் 2,85,000 டாலர். கறுப்பர் குடும்பங்களுக்கு அது சுமார் 45,000 டாலர். இது சோம்பலின் கணக்கன்று. 1930-களில் வீட்டுக்கடனுக்காக அரசு அமைப்புகளே நகர வரைபடங்களை வரைந்து, கறுப்பர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு மையால் குறித்தன. அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள். வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனவேற்றுமை காட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 1968-இல்தான் வந்தது. நடுத்தரக் குடும்பத்தின் பெரும் சொத்து வீடு. பாட்டனார் வாங்க முடியாமல் போன வீடு, பேரனுக்கு வராமல் போன மூலதனம்.

இனி நம் பூர்வர்களிடம் வருவோம்.

பிறப்பை ஆராயாதே என்ற வார்த்தையைச் சொன்னவர் யார், கேட்டவர் யார் என்று பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தொண்டரடிப்பொடியாழ்வார் அந்தணர் குலத்தில் அவதரித்தவர். திருமாலையின் இறுதிப் பகுதியில் அவர் பேசுவது அக்குலத்தாரைப் பற்றியே. ஒழுக்கமும் நான்மறையும் உடையவர்களே ஆனாலும், தாழ்ந்த குலத்தில் பிறந்த அடியாரைத் தொழுங்கள், அவர்களுக்குக் கொடுங்கள், அவர்களிடமிருந்து கொள்ளுங்கள் என்று பெரியபெருமாள் நியமித்ததாக அவர் பேசுகிறார். கொடுப்பது எளிது, கொள்ளவும் சொன்னதே இதில் அருமை. அடுத்த பாசுரத்தில், வேதமும் அங்கங்களும் கற்று அடியாரில் தலைவராயிருப்பவரும் அடியாரைப் பிறப்புச் சொல்லிப் பழித்தால், அந்த நொடியிலேயே தாம் பழித்த நிலையைத் தாமே அடைவர் என்று முடிக்கிறார். இதில் தாழ்ந்த குலத்தாரை நோக்கி ஒரு சொல்லும் இல்லை. "உன் பிறப்பை நீ மறந்துவிடு, பட்ட துன்பத்தைப் பேசாதே" என்று அவர்களுக்கு ஆழ்வார் விதிக்கவில்லை.

பிள்ளைலோகாசார்யர் இன்னும் ஒருபடி மேலே போகிறார். உயர்ந்தது என்று ப்ரமிக்கப்படும் பிறப்பு அஞ்ச வேண்டிய பிறப்பு என்கிறார். அதில் அஹங்காரம் விளைந்து நழுவ இடமுண்டு; ஆத்ம ஸ்வரூபத்துக்கு உரிய தாழ்ச்சியை அங்கே முயன்று வரவழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாழ்ந்தது என்று ப்ரமிக்கப்படும் பிறப்புக்கோ அவ்விரண்டு தோஷமும் இல்லை. ஆகையால் உண்மையில் உயர்ந்த பிறப்பு அதுவே என்பது அவர் நிர்வாஹம். இரண்டு இடத்திலும் ப்ரமம் என்ற சொல்லை அவர் விடாமல் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. உயர்வும் ப்ரமம், தாழ்வும் ப்ரமம். ஆனால் ப்ரமத்தால் லாபம் அடைந்தவனுக்கும் நஷ்டம் அடைந்தவனுக்கும் மருந்து ஒன்றன்று.

திருப்பாணாழ்வார் வைபவத்தை இந்த நோக்கில் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஆழ்வார் அரங்கத்தைத் தம் திருவடியால் மிதிக்கலாகாது என்று எண்ணிக் காவிரியின் தென்கரையிலேயே நின்று பாடியிருந்தார். திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் கொள்ள வந்த லோகஸாரங்க முனிவர் விலகச் சொன்னார், அநுபவத்தில் ஆழ்ந்திருந்தவர் செவியில் அது விழவில்லை, கல்லெறி விழுந்தது. பின்பு எம்பெருமான் என்ன செய்தான்? தம் பிறப்பை நினைத்து ஒதுங்கி நின்றவர் ஆழ்வார்; அவரிடம் "பிறப்பை மறந்து உள்ளே வா" என்று அவன் நியமிக்கவில்லை. முனிவரை நோக்கி, "அவரைத் தோளில் சுமந்து வா" என்றான். எவர் தோள் உயர்ந்ததென்று எண்ணப்பட்டதோ அந்தத் தோளுக்கே பாரம் வந்தது.

இதையே பெரிய நம்பி தம் வாழ்வில் நடத்திக் காட்டினார். ஆளவந்தார் திருவடிகளை ஆச்ரயித்த மாறனேரி நம்பி தாழ்ந்த குலத்தவர். அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது சரமகைங்கர்யத்தைப் பெரிய நம்பி தாமே செய்தார். எம்பெருமானார் இதைப் பற்றி விண்ணப்பித்தபோது, ஜடாயுவுக்குச் செய்த பெருமாளைக் காட்டிலும் தாம் உயர்ந்தவரோ, அடியார் பெருமை பேசும் ஆழ்வார் பாசுரங்கள் வெறும் கடலோசையோ என்று அவர் கேட்டதாகக் குருபரம்பரை சொல்லும். திருவரங்கத்தில் இருந்தோர் அவரை விலக்கி வைத்தார்கள். பிறப்பைப் பாராமைக்கு விலை உண்டு. அந்த விலையை மாறனேரி நம்பியின் சுற்றத்தார் கொடுக்கவில்லை, பெரிய நம்பி கொடுத்தார். இன்று "நான் நிறமே பார்ப்பதில்லை" என்று சொல்லுகிற ஒருவர், அதனால் தமக்கு என்ன குறைந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். ஒன்றும் குறையவில்லை, சிலது மிஞ்சியும் இருக்கிறது என்றால், அந்தப் பாராமை பூர்வர்கள் சொன்ன பாராமையாகாது.

இங்கே ஸ்வாமி தேசிகனுடைய பக்கத்தைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. ரஹஸ்யத்ரயஸாரத்தில் அடியார் ப்ரபாவத்துக்கு எல்லை வகுக்குமிடத்தில், ப்ரபாவம் எவ்வளவு பெரிதாயினும் தேகத்தோடு வந்த ஜாதி தேகம் விழுமளவும் மாறாது, சாஸ்த்ரம் அதற்கு வகுத்த ஒழுங்கும் மாறாது என்று அவர் ஸ்தாபிக்கிறார். அடியாரை அவமதிப்பதை அவர் ஒப்பவில்லை. திருப்பாணாழ்வாருடைய அமலனாதிபிரானுக்கு முநிவாஹநபோகம் என்று வ்யாக்யானம் அருளியவர் அவரே. ஆயினும் ஆத்மாவின் சமத்வம் வேறு, தேகத்தின் நிலை வேறு என்ற பிரிவை அவர் விடவில்லை. இந்தப் பிரிவை வைத்துத்தான் பல நூற்றாண்டுகள் பலரை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் அதைச் சொன்னது ஒழுங்கைக் காக்க. நம்மில் பலர் அதைக் கொண்டது வசதியைக் காக்க.

வியப்பு என்னவென்றால், அமெரிக்க வாதத்தில் நிறத்தைக் கணக்கில் கொள் என்பவர்கள் நிற்பதும் அந்தப் பிரிவின்மேல்தான். ஆத்மா சமம், சட்டத்தின் எழுத்தும் சமம். ஆனால் தேகம் பிறந்த தெருவும், அது படித்த பள்ளியும், போலீஸார் அதைப் பார்க்கும் பார்வையும் சமமாகவில்லை. எழுத்தில் நீக்கிய வேற்றுமை வாழ்வில் நீங்கிவிடாது என்று நீதிபதி ஜாக்ஸன் எழுதியதன் ஸாரம் அதுவே. ஒரே உண்மையைக் காண்பவர்கள் அதைக் கொண்டு இரு வேறு காரியம் செய்ய முடியும். தேகத்தின் நிலை மாறவில்லை என்பது ஒருவருக்கு அதை அப்படியே வைப்பதற்குக் காரணமாகிறது. மற்றொருவருக்கு அதை மாற்றுவதற்குக் காரணமாகிறது. தென்னாசார்ய நிர்வாஹத்தில் ஈடுபட்ட அடியேனுக்கு, இவ்விஷயத்தில் தேசிகனுடைய கண்ணையும் பிள்ளைலோகாசார்யருடைய கையையும் ஒருங்கே வேண்டத் தோன்றுகிறது.

"பிறவியும் வறுமையும் அவரவர் கர்மபலன் அன்றோ, நாம் இதில் செய்வதென்ன?" என்று ஓர் ஆக்ஷேபம் எழும். நம்மவர்களிடமிருந்து மட்டுமே எழக்கூடிய ஆக்ஷேபம் இது. ஆகையால் பதிலும் நம்மிடமே இருக்க வேண்டும். கர்மத்தைப் பற்றிய அறிவு ஆழ்வார்களுக்குத் தம்மைத் தாமே நொந்துகொள்ளப் பயன்பட்டது. பிறர் தட்டில் உணவில்லாததற்கு விளக்கம் சொல்ல அவர்கள் அதை எடுக்கவில்லை. ஒருவனுக்கு வைஷ்ணவத்வம் உண்டா இல்லையா என்பதை அவன் தானே அறிந்துகொள்ளலாம் என்று நஞ்சீயர் அருளிச்செய்ததாகப் பெரியோர் சொல்லுவர். பிறர் துன்பத்தைக் கண்டு ஐயோ என்று நெஞ்சு இரங்கினால் உண்டு, இவனுக்கு இது வேண்டியதுதான் என்று இருந்தால் இல்லை. அவ்வளவுதான் சோதனை. கர்ம விளக்கம் சொல்லும் வாய் இரண்டாவது வகைக்கு மிக அருகில் நிற்கிறது.

மற்றோர் ஆக்ஷேபம் இதைவிடக் கனமானது. ஹார்வர்ட் வழக்கைத் தொடுத்தவர்கள் முன்வைத்த குறை ஆசியக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றியது. படிப்பில் மேலான மதிப்பு பெற்ற அப்பிள்ளைகளுக்குக் குணநலன் என்ற தலைப்பில் இடப்பட்ட மதிப்பு சராசரியாகக் குறைந்திருந்தது. உள்நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று கீழ் நீதிமன்றங்கள் தீர்த்தாலும், அந்த எண்கள் பெற்றோர் மனத்தில் தைத்தன. முகம் பார்த்திராத ஒரு பிள்ளைக்கு அன்பும் துணிவும் இத்தனை என்று மதிப்பிட்டு, அம்மதிப்பு ஓர் இனத்துக்கே குறைந்து வருமானால், அது ஜந்ம நிரூபணத்தின் வாடையுடையதே. இரவு பகலாகப் படித்த பிள்ளைக்கு இடம் கிடைக்காத வருத்தத்தை, "உனக்கு என்ன குறை" என்ற ஒரு சொல்லால் துடைத்துவிட முடியாது. வருத்தம் மெய்யானது.

ஆயினும் ஸ்ரீவசநபூஷணத்தைக் கையிலெடுத்து வழக்காடும் முன் நம் வரவின் வழியையும் நினைக்க வேண்டும். பகத்சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் முதலாம் உலகப்போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்தவர். வெள்ளையர்க்கும் ஆப்பிரிக்க வம்சத்தார்க்கும் மட்டுமே குடியுரிமை வழங்கிய காலத்தில், தாம் உயர்ஜாதி இந்து, ஆரிய வம்சத்தார், ஆகையால் வெள்ளையர் என்று உச்சநீதிமன்றத்தில் அவர் பக்கம் வாதித்தது. 1923-இல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. குடியுரிமை பெற்றிருந்த வேறு சில இந்தியர்களும் அதை இழந்தார்கள். பிறப்பின் ஏணியை அழிக்கச் சொல்லாமல், அதில் தமக்கு ஒரு படி உயரம் கேட்ட வாதம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு இதைவிட வேறு த்ருஷ்டாந்தம் வேண்டா. 1946-இல் இந்தியர்க்கு ஆண்டுக்கு 100 பேர் என்று கதவு சற்றுத் திறந்தது. 1965 அக்டோபரில் கையெழுத்தான குடியேற்றச் சட்டத்தால்தான் அது அகலத் திறந்தது. அது தானாக வந்ததன்று. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் கறுப்பர்கள் அடிபட்டும் சிறைசென்றும் பெற்ற 1964, 1965-ஆம் ஆண்டுச் சட்டங்களின் காற்றில் வந்தது. பிட்ஸ்பர்க்கில் திருவேங்கடமுடையான் 1970-களில் கோயில் கொண்டதற்குப் பின்னால், நாம் பெயரும் அறியாத எத்தனையோ பேர் பட்ட அடி இருக்கிறது. அது நம்முடைய தகுதிக் கணக்கில் ஏறுவதில்லை.

தகுதி என்ற சொல்லே நம்மிடம் சிறிது தடுமாற வேண்டும். பேறு நிர்ஹேதுக க்ருபையால் என்று அநுஸந்திக்கிறவன், கல்லூரி இடம் மட்டும் முழுக்க என் முயற்சியால் என்று எப்படிச் சொல்வான்? பல்கலைக்கழகம் ஆசார்யன் திருமாளிகையன்று. அங்கே ஓர் அளவுகோல் வேண்டும்தான், அது ஒரே விதமாக எல்லோருக்கும் வேண்டும் என்று கேட்பதும் நியாயந்தான். ஆனால் அளவுகோலில் உயர்ந்து நிற்பது, ஊட்டிய தாயும் அமைதியான வீடும் பட்டம் பெற்ற தகப்பனும் சேர்ந்த உயரம். 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பே ஒரு சாளரத்தைத் திறந்து வைத்திருக்கிறது: ஒரு மாணவர் தம் இனம் தம் வாழ்வை எப்படித் தொட்டது என்று தாமே எழுதினால், அதைப் பல்கலைக்கழகம் கருத்தில் கொள்ளத் தடையில்லை. நிறத்தைப் பார்க்காதே என்று சொன்ன நீதிமன்றமும், பட்டவன் வாயை மூடு என்று சொல்லத் துணியவில்லை.

கொடுப்பவர்களுக்கும் பூர்வர்கள் ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். உறையூரில் மல்லராயிருந்து எம்பெருமானாரை ஆச்ரயித்தவர் பிள்ளை உறங்காவில்லிதாஸர். அவர் தேவிகள் பொன்னாச்சியார். உடையவர் நீராடச் செல்லும்போது முதலியாண்டான் கையையும், நீராடி மீளும்போது தாஸர் கையையும் பற்றி எழுந்தருளுவார் என்பதில் சிலருக்கு வருத்தம் இருந்தது. ஒருநாள் இரவு உடையவர், உலர்ந்துகொண்டிருந்த வஸ்த்ரங்களில் சிறிது சிறிது கிழித்துவைக்கச் செய்தார். விடிந்ததும் அந்த ஒரு சாண் துணிக்காகச் சிஷ்யர்களுக்குள் பெரும் பூசல். பின்பு தாஸரை மடத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, அதே சிஷ்யர்களை அவர் வீட்டுக்கு அனுப்பி, உறங்கும் பொன்னாச்சியாரின் ஆபரணங்களைக் கழற்றிவரச் சொன்னார். ஒருபக்கத்து நகைகளைக் கழற்றியதை அறிந்த அவ்வம்மையார், உறங்குவது போலவே, மறுபக்கத்தையும் கழற்றிக்கொள்ளட்டும் என்று திரும்பிப் படுத்தார். வந்தவர்கள் அஞ்சி ஓடினார்கள்.

கதை பலரும் இத்தோடு நிறுத்துவார்கள். அதற்குப் பின்னேயே ரஸம் இருக்கிறது. வீடு திரும்பிய தாஸர் நடந்ததைக் கேட்டு மகிழவில்லை; தேவிகளைக் கடிந்துகொண்டார். என்னுடையது, நான் கொடுக்கிறேன் என்ற எண்ணத்தால் அன்றோ திரும்பினாய், அசையாமல் கிடந்திருந்தால் அவர்களே கொண்டுபோயிருப்பார்களே என்றார். ஒரு சாண் துணியை விடமாட்டாதவர்கள் ஒருபுறம். கொடுத்ததிலும் நான் என்பது கலந்ததே என்று வருந்தியவர்கள் மறுபுறம். அமெரிக்க வாதத்தில் இருவகைக் குரலையும் கேட்கிறோம். என் வரிப்பணம், என் இடம், என் மதிப்பெண் என்பது ஒன்று. நான் எவ்வளவு இரக்கமுள்ளவன், நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எல்லோரும் பாருங்கள் என்பது மற்றொன்று. தாஸர் இரண்டாவது குரலையும் விட்டுவைக்க மாட்டார். நீதிக்காகப் பேசுகிறோம் என்பவர்கள், எதிரே நிற்பவர்களை ஒரே சொல்லால் தீயவர்கள் என்று தள்ளும்போது, அவர்கள் பேசுவது யாருக்காக என்பதே மறந்துபோகிறது.

உடையவர் மேல்கோட்டையில் செல்வப்பிள்ளையை மீட்டுவந்தபோது துணைநின்றவர்களைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, ஆண்டில் மூன்று நாள் கோயிலுக்குள் வரும் உரிமையை அளித்தார் என்பதை நாம் பெருமையாகச் சொல்லி வருகிறோம். அக்காலத்துக்கு அது பெரிய துணிவு. ஆனால் அந்த மூன்று நாளை ஆண்டு முழுவதுமாக்க வேண்டிய பொறுப்பு அவருக்குப் பின் வந்தவர்களுடையது. மற்ற நாள்கள் அத்தனையும் மூடியே கிடந்தன. ஆலயப் ப்ரவேசச் சட்டங்கள் வந்து கதவைத் திறக்க 20-ஆம் நூற்றாண்டு ஆயிற்று. சென்னை மாகாணத்தில் 1947. அதுவரை அமலனாதிபிரான் தினந்தோறும் ஸேவிக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. வேற்றுநாட்டாருடைய நிறவெறியைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை என்பதன்று. பேசும் குரல் சற்றுத் தாழ்ந்து வர வேண்டும்.

இந்த வழக்கு இப்போது நம் பெயரிலேயே அங்கு வந்து சேர்ந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஸியாட்டில் நகரம் ஜாதிபேதத்தைத் தடைசெய்து விதி இயற்றியது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். அதே ஆண்டு கலிபோர்னியா சட்டசபையில் நிறைவேறிய மசோதாவை, இருக்கும் சட்டங்களே போதும் என்று ஆளுநர் அக்டோபரில் திருப்பி அனுப்பினார். எதிர்த்தவர்களில் நம் பாகவதர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஹிந்துப் பெயர் தாங்கிய ஒவ்வொருவரையும் சந்தேகத்தோடு பார்க்க இது வழிசெய்யும் என்ற அச்சம் அவர்களுடையது. பிறப்பைக் கொண்டு தம்மை அளந்துவிடுவார்களோ என்ற அச்சம் அது. அதன் கனத்தை ஒருமுறை உணர்ந்தவர்களுக்கு, அதே அச்சத்தோடு வேலைக்குச் சென்று, குடும்பப் பெயரையும் சொந்த ஊரையும் சொல்லத் தயங்குகிற மற்றொரு இந்தியருடைய நிலை தெரியாமலிருக்க வழியில்லை.

கோஷ்டியில் புதியவர் ஒருவரைக் கண்டால், ஸேவித்து க்ஷேமம் விசாரித்த பிறகு, எந்த ஊர், எந்தத் திருவம்சம் என்று கேட்பது நம்மிடம் இன்னும் போகவில்லை. அன்போடு கேட்கிறோம் என்பதும் மெய்யே. அமெரிக்காவில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அக்கேள்வியின் உள்ளர்த்தம் தெரியாது. கேட்கப்பட்ட அடியாருக்குத் தெரியும். சற்று நின்று, ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, ப்ரஸாதத் தட்டோடு நகர்ந்துவிடுகிறார். அக்கேள்வியை எந்த நாட்டுச் சட்டமும் தடுக்க முடியுமா என்பதை ந்யாயவாதிகள் பேசட்டும். கேட்க இருப்பவருக்கான விதி ஸ்ரீவசநபூஷணத்தில் முன்பே இருக்கிறது.

அடியேன் ராமாநுஜ தாஸன்